யாழ்முரி முதல் இண்டி ராக் வரை: பாட்டு யாருடையது?

"தமிழில் ராக் பேண்ட் இருக்கா?" என்று கேட்டால் நம்ம வகுப்பில் பாதிப் பேர் வெள்ளைக்கார பேண்ட் பெயர்களை அடுக்குவார்கள். மீதிப் பேர் ஏதாவது சினிமாப் பாட்டில் வரும் கிடார் பிட்டை வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். 'இண்டி' என்று சொன்னால் இன்னும் குழப்பம். சிலருக்கு அது 'இண்டியன்' என்பதன் சுருக்கம். சிலருக்கு சோகமாக, மெதுவாக, கிடாரோடு பாடினால் இண்டி.

இண்டி என்பது இன்டிபென்டென்ட் என்பதன் சுருக்கம், அதாவது சுயேச்சை. பெரிய கம்பெனியின் காசும் உத்தரவும் இல்லாமல், தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே வெளியிடுவது. கிடார் இருந்தால்தான் இண்டி என்றில்லை. எழுதினவன் குரலும் பெயரும் அந்தப் பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி மான்செஸ்டரில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தருமபுரத்தில் ஒரு பேண்ட் சண்டை

காரைக்காலுக்கும் திருநள்ளாற்றுக்கும் நடுவே தருமபுரம் என்று ஒரு ஊர். அங்கே உள்ள சாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான கதை பெரிய புராணத்தில் இருக்கிறது.

7-ம் நூற்றாண்டு. திருஞானசம்பந்தர் பதிகம் பாடுவார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் கூடவே யாழில் வாசிப்பார். யாழ்ப்பாணரின் மனைவி மதங்கசூளாமணியாரும் சேர்ந்து பாடுவார். ஊர் ஊராகச் சுற்றிய மூன்று பேர் கொண்ட குழு. இந்தக் காலத்துப் பாஷையில் சொன்னால் பேண்ட், டூர் எல்லாமே. :-)

தருமபுரம் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கே இருந்த சொந்தக்காரர்கள், "நீ யாழ் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டு இவ்வளவு பரவுகிறது" என்று பெருமை பேசினார்களாம். யாழ்ப்பாணருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடும்படி சம்பந்தரையே கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். யாழால் பின்தொடர முடியவில்லை. யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர் நின்றுவிட்டது.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, பாட்டின் பெருமை பாடினவருக்கா வாசித்தவருக்கா என்ற சண்டை. இரண்டு, மனிதக் குரல் போகும் எல்லா இடத்துக்கும் கருவியால் போக முடியாது என்ற உண்மை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 63 நாயன்மார் பட்டியலில் யாழ்ப்பாணர் இருக்கிறார். கூடவே பாடிய மதங்கசூளாமணியார் அந்த 63-ல் இல்லை.

சம்பந்தர் தன் பெயரைப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் வைத்துவிடுவார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். அவருக்கு முந்திய நம்ம காரைக்கால் அம்மையாரும் தன் பதிகத்தின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று குறித்து வைத்தார். அதாவது பெயர் பாட்டுக்கு வெளியே ஒட்டிய லேபிள் இல்லை, பாட்டுக்குள்ளேயே தைத்த நூல். யார் பாடினாலும் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் பாடியாக வேண்டும். காப்பிரைட் சட்டம் வருவதற்கு ஆயிரம் வருடம் முன்பே நம்ம ஆட்கள் போட்ட பூட்டு இது.

மூன்றாக உடைந்த பாட்டு

இந்தப் பூட்டை உடைத்தது எது? சினிமா என்பது என் கருத்து. கோபப்படாதீர்கள், நானும் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவன்தான்.

1931-ல் 'காளிதாஸ்' வந்தபோது நடிகர்களே பாடினார்கள். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினால் அது அவர் குரல், அவர் முகம். ஆனால் அப்போதே சொல் பிரிந்துவிட்டது. பாகவதரின் புகழ்பெற்ற பாட்டுகளை எழுதினவர் பாபநாசம் சிவன். அடுத்தது குரல் பிரிந்தது. 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடிகர் பாடவேண்டிய அவசியமே போய்விட்டது. எழுத ஒருவர், மெட்டுப் போட ஒருவர், பாட ஒருவர், வாயசைக்க இன்னொருவர்.

இதில் பெரிய கலை பிறந்தது என்பதை மறுக்கமுடியாது. டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி, சிவாஜிக்கு ஒரு மாதிரி பாடினார். கண்ணை மூடிக் கேட்டாலே யார் படம் என்று சொல்லிவிடலாம். இன்று வோக்கல் புரொடக்‌ஷன் என்று கம்ப்யூட்டரில் செய்வதை அவர் தொண்டையில் செய்தார். ஆனால் கவனியுங்கள், அந்தக் குரல் இன்னொருவர் முகத்துக்காகத் தைத்த சட்டை. பாடுகிறவரின் சொந்தக் கோபமோ சொந்தக் காதலோ அங்கே தேவைப்படவில்லை.

அப்போது சினிமாவுக்கு வெளியே பாட்டுக்கு இடமே இல்லையா? இருந்தது. கச்சேரி மேடையை விட்டால் இரண்டு இடம், சாமியும் கட்சியும். காரைக்காலை அடுத்த நாகூரின் இ.எம். ஹனிபா இரண்டிலும் நின்றார். இஸ்லாமியப் பாட்டும் தி.மு.க. பாட்டும் அவர் குரலில் ரெக்கார்டாகப் போட்டு ஊரெல்லாம் ஒலித்தன. சினிமாவில் பாடினது கொஞ்சம்தான். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளுக்குத் தானே பாட்டு எழுதி, தம்பிகளை வைத்துக்கொண்டு பாடினார். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததும் அந்தக் குழுவின் ஆர்மோனியமும் சினிமாவுக்குள் போய்விட்டது. நம்மிடம் சுயேச்சைப் பாட்டு இல்லாமல் இல்லை. திறமை எங்கே முளைத்தாலும் சினிமா வாரிக்கொண்டது, அவ்வளவுதான்.

வெளியே என்ன நடந்தது?

கல்கத்தாவில் 1975-ல் கௌதம் சட்டோபாத்யாய் 'மொஹினேர் கோராகுலி' என்ற குழுவைத் தொடங்கினார். வங்காளத்தில், சொந்தமாக எழுதின பாட்டு. கொஞ்ச வருடத்தில் கலைந்துவிட்டது, ஆனால் வங்காள பேண்டுகள் எல்லாம் இன்றும் அதைத்தான் முப்பாட்டனாகச் சொல்கின்றன.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பையன்கள் 'பஸ்காக்ஸ்' 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற நாலு பாட்டு ரெக்கார்டை வெளியிட்டார்கள். செலவு 500 பவுண்டு, அதுவும் கடன். முதலில் போட்டது 1000 காப்பி. எந்தக் கம்பெனியையும் கேட்காமல் நாமே ரெக்கார்டு போடலாம் என்று மற்றப் பையன்களுக்குத் தெரிந்தது. 1980-ல் சுயேச்சை ரெக்கார்டுகளுக்குத் தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது. 'இண்டி' ஒரு வகையாக நின்றது அப்படித்தான்.

குரல் விஷயத்திலும் இவர்கள் வேறு மாதிரி. அமெரிக்காவின் 'ஆர்.ஈ.எம்.' 1983-ல் போட்ட 'மர்மர்' ஆல்பத்தில் மைக்கேல் ஸ்டைப்பின் குரல் கிடாருக்குள் பாதி மூழ்கிக் கிடக்கும். வார்த்தை சரியாகப் புரியாது. அது தப்பு இல்லை, அப்படித்தான் வேண்டும் என்று வைத்தது. நம்ம சினிமாவில் நினைத்துப் பார்க்க முடியுமா? குரல் முன்னால், நடுவில், பளபளவென்று நிற்கவேண்டும் என்பதுதான் நம் சட்டம்.

தமிழில் இந்த வேலையை முதலில் செய்தது சென்னை இல்லை, யாழ்ப்பாணம். 1960-களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' போன்ற பாட்டுகளைத் தானே எழுதி, மெட்டமைத்து, கிடாரோடு பாடினார். இலங்கையில் அதைப் பொப்பிசை, துள்ளிசை என்றார்கள். பேச்சுத் தமிழ், ஊர்க் கிண்டல், பைலா தாளம். அடுத்து ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழ்நாடு வரை கொண்டுவந்தார். 1977-ல் அதுவும் ஒரு தமிழ்ப் படத்துக்குள் போனது (சொன்னேன் இல்லையா?). பிறகு 2006-ல் மலேசியாவிலிருந்து 'யோகி பி அண்ட் நட்சத்ரா'வின் 'வல்லவன்' வந்து, தமிழில் ராப் வேகத்துக்கும் எழுத முடியும் என்று காட்டியது. கடல் தாண்டியவர்களுக்குக் கோடம்பாக்கம் தூரமாக இருந்தது. அதுவே ஒரு வசதி.

சென்னை எப்போது விழித்தது?

சென்னையில் ராக் பேண்டுகள் 1980-களிலேயே உண்டு. ஏ.ஆர். ரகுமான் இளவயதில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற பேண்டில் கீபோர்டு வாசித்தவர். ஆனால் அந்தக் காலத்து பேண்ட் பையன்களின் பாட்டு ஆங்கிலத்தில். கல்லூரிக் கலைவிழா மேடையில் வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பவன்தான் ஜெயிப்பான். 1989-ல் ரகுமான் வீட்டுப் பின்புறத்தில் ஸ்டூடியோ கட்டினார். வீட்டிலிருந்தே உலகத் தரத்தில் ஒலிப்பதிவு செய்யலாம் என்று நிரூபித்தது பெரிய புரட்சி. ஆனால் அந்தப் புரட்சியின் பலன் போய்ச் சேர்ந்ததும் சினிமாவுக்குத்தான்.

பக்கத்துக் கேரளத்தில் 'அவியல்' பேண்ட் 2008-ல் மலையாளத்திலேயே முழு ராக் ஆல்பம் போட்டது. நாட்டுப்புறச் சந்தமும் முரட்டு கிடாரும் சண்டை போடாமல் சேர முடியும் என்று அந்த ஒரு ஆல்பம் தெற்கு முழுவதற்கும் சொன்னது.

தமிழில் 2010-களில்தான் வரிசையாக வந்தார்கள். ஷான் ரோல்டன் (எழுத்தாளர் சாண்டில்யனின் பேரன்) நண்பர்களோடு மேடையேறினார். 'லா பொங்கல்' குழுவில் தர்புகா சிவா, பிரதீப் குமார், தஞ்சாவூர்ப் பக்கத்து அந்தோணி தாசன் எல்லாரும் இருந்தார்கள். கபேர் வாசுகியும் டென்மாவும் 'குரங்கன்' நடத்தினார்கள். முதல் இரண்டு குழுவின் ஆட்கள் பலரும் இன்று சினிமாவில் தெரிந்த பெயர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அரிசி அங்கேதான் கிடைக்கிறது.

இதில் என் ஓட்டு குரங்கனுக்கு. காரணம் எழுத்து. தமிழில் ராக் பாட்டு எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலம் அழுத்தத்தில் ஓடும் மொழி, ஒரு அசையை எவ்வளவு இழுத்தாலும் அர்த்தம் மாறாது. தமிழ் குறில் நெடிலில் ஓடுகிறது. 'கல்' என்பதை இழுத்தால் 'கால்' ஆகிவிடும், 'படம்' என்பதை இழுத்தால் 'பாடம்'. மேற்கத்திய மெட்டை முதலில் போட்டுவிட்டு அதில் தமிழை அடைத்தால் டப்பிங் படப் பாட்டு மாதிரிதான் இருக்கும். கபேர் வாசுகி பேச்சை முதலில் வைக்கிறார், மெட்டு அதன் பின்னால் நடக்கிறது. ஒருவன் டீக்கடையில் நின்று புலம்புகிற வேகத்திலேயே பாட்டு போகும். 2017 ஜனவரியில் எண்ணூர் கழிமுகம் பற்றி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வரிகளும் இவருடையவைதான். கர்நாடக ராகத்துக்குள் மெட்ராஸ் பேச்சை உட்காரவைத்தது சின்ன விஷயமில்லை.

அடுத்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து 2017-ல் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. 19 பேர். கானா, ராப், ராக், பறை, சட்டி எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்துதான் பெயரே. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம் என்று அவர்கள் பாடியதெல்லாம் சினிமாப் பாட்டில் எளிதில் இடம் கிடைக்காத விஷயங்கள். அந்த மேடையின் ஒரே பெண் பாடகி இசைவாணி. ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்த அவர் 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார்.

மேலே சாமியும் கட்சியும் என்று சொன்னேன் இல்லையா? காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்த இரண்டாவது வழியில் வந்தது என்று நினைக்கிறேன். சினிமா இல்லாமல் ஒரு பாட்டு கூட்டத்தைச் சேர்க்க வேண்டுமானால், அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கையோ இயக்கமோ நிற்கவேண்டியிருக்கிறது. வெறும் 'என் மனசு சரியில்லை' பாட்டுக்கு நம்மூரில் இன்னும் டிக்கெட் விற்பதில்லை.

குரலை என்ன செய்கிறார்கள்?

இப்போது டெக்னிக்கல் மேட்டர். கானாக் குரல் ஏன் அவ்வளவு உச்சத்தில், மூக்கோடு, கூர்மையாக இருக்கிறது? வடசென்னையில் சாவு வீட்டுத் தெருவில், சட்டி அடிக்கும் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மேலே கேட்டாக வேண்டும், மைக் இருக்காது. அந்தக் குரலே ஒரு ஒலிப்பதிவுத் தீர்வு. பறையும் டிரம்ஸும் டிஸ்டார்ஷன் கிடாரும் சேர்ந்து அடிக்கும்போது சினிமாப் பாடகரின் மென்குரல் காணாமல் போய்விடும். கானாக் குரல் கத்தி மாதிரி வெளியே வரும். அதனால்தான் ராக்கோடு அது அவ்வளவு சுலபமாகச் சேர்ந்தது.

ஸ்டூடியோவில் குரலைப் பெரிதாக்கப் பல வித்தைகள் உண்டு. ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்று வைப்பது டபுள் டிராக்கிங். ஜான் லென்னனுக்கு இரண்டாவது தடவை பாடுவது அலுப்பு. அவருக்காக 1966-ல் லண்டன் ஸ்டூடியோ என்ஜினியர் கென் டவுன்சென்ட் டேப் மெஷினிலேயே அந்த இரண்டாவது குரலை வரவைத்தார். 1997-ல் ஆட்டோ-ட்யூன் வந்தது. கண்டுபிடித்த ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடும் பூகம்ப அலைக் கணக்கு போட்டவர்! பூமிக்குள் எண்ணெய் தேடின கணக்கு தொண்டைக்குள் சுருதி தேட வந்தது. அடுத்த வருடம் பாடகி ஷேர் அதை வெளிப்படையாகவே பயன்படுத்தி உலகைக் கலக்கினார்.

நமக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை. ஆட்டோ-ட்யூன் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு படிக்கட்டாக நினைக்கிறது. குரல் இரண்டு படிக்கு நடுவில் நின்றால் பக்கத்துப் படிக்குத் தள்ளிவிடும். நம் கமகம் படிக்கட்டில் ஏறுவதில்லை, சறுக்கு மரத்தில் ஆடுகிறது. தோடி ராகத்துக் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கவே நிற்காது. ஒப்பாரியிலும் கானாவிலும் அழுகைக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் உயிரே இருக்கிறது. கருவியை வேகமாக வைத்து ஓட்டினால் அந்த இடம் வழித்து எடுக்கப்பட்டுவிடும். பொறுமையான என்ஜினியர் கையால் ஒவ்வொரு வளைவையும் காப்பாற்றலாம். ஆனால் அவசரத்துக்கு யார் பொறுமையாக உட்காருகிறார்கள்? தருமபுரத்துக் கதை இதேதான். அன்று யாழால் குரலைப் பின்தொடர முடியாதபோது யாழ் உடையப் பார்த்தது. இன்று குரலை உடைத்துக் கருவிக்குள் அடைக்கிறோம்.

அதனால் புதுசாகப் பாட்டு போடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குரலில் சின்னப் பிசிறு இருந்தால் இருக்கட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, போன் மைக்கிலேயே பாடினாலும் உன் குரல் உன் குரலாக இருக்கவேண்டும். (திருநள்ளாற்றில் சனிக்கிழமை மட்டும் ரெக்கார்டிங் வைக்காதீர்கள். சனிபகவானைப் பார்க்க வரும் கூட்டத்தின் சத்தம் எல்லா டிராக்கிலும் ஏறிவிடும்.)

பெயர் எங்கே?

கடைசியாக, மறுபடியும் பெயர். 2021 மார்ச் 7 அன்று 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது 'மாஜா' என்ற சுயேச்சைத் தளம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. சினிமா இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டை உலகமே ஆடித் தீர்த்தது. இண்டி ஜெயித்தது என்று எல்லாரும் கைதட்டினோம்.

அதே வருடம் ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டையில் அறிவு இல்லாமல் போனதும் சர்ச்சை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியது. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது தானே என்று அறிவு சொன்னார். மெட்டிலும் உருவாக்கத்திலும் தங்கள் பங்கை சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கினார்கள், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார்கள். 2024-ல் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டால் யாருக்கும் காசு வந்து சேரவில்லை என்று சொன்னார். மூன்று பேரும் கூடி உருவாக்கிய ஒன்றை நாம் தீர்ப்பு சொல்லிப் பிரிக்க முடியாது. ஆனால் சினிமாவை விட்டு வெளியே வந்ததால் மட்டும் பெயர்ச் சண்டை தீராது என்பது தெளிவாகிவிட்டது. தருமபுரத்துச் சொந்தக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

2012-ல் வந்த காப்பிரைட் திருத்தச் சட்டம், பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கைப் படக் கம்பெனிக்கோ ரெக்கார்டு கம்பெனிக்கோ எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று காப்பாற்றுகிறது. நல்ல சட்டம். ஆனால் நாலு நண்பர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பாட்டு செய்யும்போது யார் எந்த வரியைக் கொடுத்தார்கள் என்று எந்தச் சட்டமும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதில்லை. நாமேதான் எழுதி வைக்கவேண்டும். பாட்டு வெளிவருவதற்கு முன்னால், நட்பு நன்றாக இருக்கும்போதே. டிரம்ஸ் வாசித்த பையன், கோரஸ் பாடிய பெண், வீட்டு மொட்டை மாடியில் ஒலிப்பதிவு செய்த அண்ணன், எல்லார் பெயரும்.

ஒரு இண்டி பாட்டைக் கேட்கும்போது நான் மூன்று விஷயம் பார்க்கிறேன். வார்த்தை பாடுகிறவனின் வாயிலிருந்து வருகிறதா, இரவல் வாயிலிருந்தா? குரலை அதன் போக்கில் விட்டிருக்கிறார்களா, இஸ்திரி போட்டுவிட்டார்களா? செய்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் கிடார் இல்லாவிட்டாலும் அது இண்டிதான். மூன்றும் இல்லாவிட்டால் எத்தனை டிஸ்டார்ஷன் வைத்தாலும் அது படம் கிடைக்காத சினிமாப் பாட்டு.

மதங்கசூளாமணியாருக்குப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் பெயரை யாரோ எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.